டேனியல் வரைந்த நடவு

டேனியலை நான் முதலில் பார்த்தது வில்லியனூர் தாலுகா அலுவலகத்தில், குடியிருப்புச் சான்றிதழுக்கு நின்ற வரிசையில். முன்னால் நின்ற மனிதர் ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொண்டு தரையையே பார்த்துப் பார்த்துக் கிறுக்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் தாள் முழுக்க வெறும் கால்கள். வெடித்த குதிகால், ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு, மறுகாலைச் சொறியும் ஒரு கால். முகம் ஒன்றையும் காணோமே என்று கேட்டதற்கு, திரும்பாமலே பதில் வந்தது.

“வெயிட்டு எந்தக் கால்ல நிக்குதுன்னு புடிச்சிட்டா, மேல இருக்கறது தானா வந்துடும்பா.”

வரிசை ஜன்னலை எட்டுவதற்குள் அவர் கதையில் பாதி தெரிந்துவிட்டது. மீதி, பழகப் பழகத் தெரிந்தது.

டேனியலுக்கு ஊர் உறுவையாறு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, எட்டு வயது மூத்த அக்கா சகாயராணிதான் அவரை வளர்த்தார். ஒன்பதாம் வகுப்போடு நின்று நடவுக்குப் போனவர் சகாயராணி. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: தம்பி வயலில் இறங்கக் கூடாது. அரைப்பரீட்சை லீவில் ஒருநாள் உதவிக்கு வருகிறேன் என்று வரப்பை விட்டுக் கால் வைத்தவரை, கையிலிருந்த நாற்றுக்கட்டை வீசி விரட்டினார். அந்தச் சேறு பட்ட சட்டையோடுதான் அன்று டேனியல் வீட்டுக்கு ஓடினார். பிறகு நடவை அவர் பார்த்ததெல்லாம் டவுன் பஸ் ஜன்னலிலிருந்துதான்.

ஓவியக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அந்த வீட்டின் முதல் பட்டம் அது. பட்டத்துக்கு உடனே கண்காட்சியா கிடைக்கும்? வில்லியனூரில் ஒரு கடையில் பேனர் டிசைன் செய்தார். பள்ளிக்கூட கைடுகளுக்கு இதயம், சிறுநீரகம், கரப்பான்பூச்சி எல்லாம் வரைந்தார். சென்னைக் கண்காட்சிகளுக்கு மூன்று முறை அனுப்பிய படங்கள் மூன்று முறையும் அனுப்பிய அட்டையிலேயே திரும்பி வந்தன.

முப்பத்து நான்காவது வயதில் ஒரு சிறுவர் கதை கிடைத்தது. நடவு நாளில் அம்மாவைத் தேடிப் போகும் சிறுமியின் கதை. பன்னிரண்டு படங்கள். எட்டு மாதம் வரைந்தார். அச்சுக்குக் காத்திருக்கும் நூல்களின் மூலப் படங்களுக்கு ஓர் அறக்கட்டளை விருது வைத்திருந்தது. இறுதிச் சுற்றின் ஐந்து பேரில் டேனியலும் வந்தார். ஐவரின் படங்களும் புதுச்சேரி நகரில் பத்து நாள் கண்காட்சி, பத்தாம் நாள் விருது. கிடைத்துவிட்டால் இனி கரப்பான்பூச்சி வரைய வேண்டியதில்லை.

எல்லாரும் நின்று பார்த்தது ஏழாவது படத்தை. எட்டுப் பெண்கள் குனிந்து நடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பச்சை. முன்னால் வெறும் சேற்றுத் தண்ணீர்; அதில் எட்டு முகங்களும் தலைகீழாகச் சிரிக்கின்றன. தேர்வுக்குழுவில் ஒருவர் அந்தத் தண்ணீரைப் பற்றியே கால்மணி நேரம் பேசினாராம். டேனியலுக்கும் அந்தப் படம் தனி. மற்றதெல்லாம் கால்களில் தொடங்கியவை. இதில் கால்கள் சேற்றுக்குள் இருந்ததால் முகங்களில் தொடங்கியிருந்தார். சகாயராணியை வீட்டு வாசல் சிமெண்டுத் தரையில் குனிந்து நிற்கச் சொல்லி, போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு வரைந்தது.

மூன்றாம் நாள் சகாயராணி வந்தார், கூடவே அவரோடு நடவுக்குப் போகும் மணியம்மாளும். ஆறு படங்களை மணியம்மாள் வாய் திறக்காமல் பார்த்தார். ஏழாவதில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இன்னாடி ராணி, இவளுங்க நட்டதெல்லாம் பின்னாடி கெடக்குது? நட்டத மெதிச்சிக்கினா வந்தாளுங்க?”

நடவாட்கள் முன்னால் நகர்வதில்லை. குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் பின்னால் போவார்கள். நட்டது எப்போதும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். முதுகுக்குப் பின்னால்தான் வெறும் சேறு. உறுவையாற்றில் பிறந்து, நடவுக்கூலியில் படித்த டேனியல் அதைத் தலைகீழாக வரைந்திருந்தார்.

சகாயராணி சட்டென்று மணியம்மாள் கையைப் பிடித்து இழுத்தார். “சும்மா இரேன்க்கா. படம்னா அப்படித்தான் இருக்கும்.”

மணியம்மாள் சிரித்ததைவிட, அக்கா பரிந்து பேசியதுதான் டேனியலுக்குச் சுட்டது. திரும்பும் பஸ்ஸில் கேட்டார், பார்த்தவுடனே தெரிந்ததா என்று. சகாயராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உனுக்கு எப்படிடா தெரியும். நாந்தான் உன்ன எறங்கவே வுட்டதில்லியே.”

படித்து வந்த எங்களில் பல பேருக்கு இந்த இடம் தெரியும். வீட்டில் ஒருவர் இடுப்பொடியச் செய்த வேலை எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் அவர்கள் அதைச் செய்தார்கள்.

கதையை வெளியிடும் பதிப்பகத்து எடிட்டர் வெண்ணிலாவை டேனியல் போனில் கூப்பிட்டுச் சொன்னார். அவர் நல்ல மனுஷி. தேர்வுக்குழுவில் யாரும் நாற்றுப் பிடித்தவர்கள் இல்லை, விருது வரட்டும், இரண்டாம் பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். சகாயராணியும் அதையே சொன்னார்.

“எந்தப் புள்ளடா கண்டுபுடிக்கப் போவுது? இப்ப எதுவும் வயல்ல கால் வெக்கிறதில்ல.”

தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் அவர் அதைச் சொன்னார். டேனியலுக்கு அந்தப் பேச்சுதான் முடிவைச் சொன்னது. கண்டுபிடிக்க ஆள் இருந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். இல்லாத இடத்தில் இந்தப் படம்தான் நடவு என்று ஆகிவிடும். மணியம்மாள் நாற்பது வருஷம் தன் நடவைத் தானே மிதித்ததாக ஆகிவிடும்.

ஐந்தாம் நாள் போய் ஏழாவது படத்தைக் கழற்றித் தரச் சொன்னார். ஒரு படத்தை எடுத்தாலும் போட்டியில் இல்லை, அது விதி என்றார்கள் அறக்கட்டளைக்காரர்கள். இரண்டு தடவை சொன்னார்கள். டேனியல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படத்தை ஒரு பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அது தை மாதம், நவரை நடவுக் காலம். மறுநாள் காலை பேண்ட்டை முட்டிக்கு மேல் மடித்துக்கொண்டு அவர் வயலில் இறங்கியபோது சகாயராணி கத்தினார், திட்டினார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் வரிசையில் நட்டார். மணியம்மாள்தான் ஒரு பிடி நாற்றைக் கையில் கொடுத்தார். அரை வரிசை நடுவதற்குள் இடுப்பு கழன்றது. பின்னால் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் கண் தெரியாமல் இறங்குவது போல இருந்தது. நிமிர்ந்தபோது அவர் நட்ட கோணல் வரிசை எதிரே ஆடிக்கொண்டிருந்தது.

“படம் வரையறவன் கோடு இன்னாடா இப்படி போவுது?” என்றார் மணியம்மாள். சகாயராணி சிரித்துவிட்டார்.

புதுப்படத்துக்கு மூன்று மாதம் ஆனது. இப்போது எட்டுப் பெண்களின் முகத்துக்கு நேரே நாற்று. தண்ணீர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது; அதில் முகம் எதுவும் விழவில்லை, கொஞ்சம் வானம் மட்டும் தெரிகிறது. முந்தைய படத்தின் அழகு இதில் இல்லை என்று டேனியலே ஒப்புக்கொள்கிறார். விருது, மீன்வலைகளை வரைந்த இன்னொருவருக்குப் போனது.

புத்தகம் போன ஜூனில் வந்தது. டேனியலுக்கு இப்போது முப்பத்தாறு வயது. உறுவையாற்றில் அக்காவோடு அதே வீட்டில் இருக்கிறார். வில்லியனூர் கடையில் இன்னும் கைடுகளுக்குக் கரப்பான்பூச்சி வரைகிறார். மாலையில் இரண்டாவது புத்தகத்துக்கு வரைகிறார். விருது எதுவும் இதுவரை வாங்கவில்லை.