அந்த மலை வண்டியைச் செஞ்சது ஞானதாஸ் அண்ணாச்சி

ஞானதாஸ் அண்ணாச்சி போயிட்டாங்க. இன்னைக்குக் காலையில, பாளையங்கோட்டையில, அவங்க வீட்லயே.

பழைய ஒர்க்‌ஷாப் ஆட்களோட வாட்ஸ்அப் குரூப்லதான் எனக்கு நியூஸ் வந்துச்சு. நாலு பூ எமோஜி, ரெண்டு கும்பிடு... அதுக்குக் கீழயே முதலாளியோட மகன் ஒரு போட்டோ போட்டிருக்காரு. தொண்ணூறுகள்ல எடுத்தது. அந்தப் பெரிய மலை வண்டி முன்னால முதலாளி இடுப்புல கை வச்சு நிக்காரு. "எங்க அப்பா உருவாக்கின வண்டி"யாம்.

உங்க அப்பா உருவாக்கல தம்பி. அண்ணாச்சி உருவாக்குனாங்க. அண்ணாச்சிதான் அதை உடைக்கவும் செஞ்சாங்க.

நான் அங்கன ஆபீஸ்ல டைப்பிஸ்ட். அண்ணாச்சி ஹெட் மெக்கானிக். முதலாளிக்கு மேக்கே மலையில ஏலக்காய்த் தோட்டம் இருந்துச்சு, ஜீப்பே திணறுற பாதை. மிலிட்டரி ஏலத்துல ஒரு பழைய டிரக் எடுத்துட்டு வந்து, "எந்தப் பாறையிலயும் ஏறணும் வே, அப்படிச் செஞ்சு தாரும்"னாரு.

எட்டு மாசம். சேஸிஸை ஒன்றரை அடி வெட்டிக் குறைச்சாங்க. லாரி இன்ஜின், டிராக்டர் டயரு, முன்னால இரும்புக் கயிறு சுத்துற வின்ச். பாடி தரையில இருந்து என் நெஞ்சு உசரத்துல நின்னுச்சு.

கொக்கிரகுளத்துல ஆத்துக்குள்ள இறக்கி ட்ரையல் பார்த்தாங்க. டிரைவர் சுடலைமுத்து ஓட்டுனாரு. தண்ணிக்குள்ள போயி, மணல்ல ஏறி, அந்தச் செங்குத்தான கரையில... ஏறிட்டு! பாலத்துல பஸ்ஸை நிப்பாட்டி ஆளுங்க கை தட்டுனாங்க. அண்ணாச்சி பேன்ட் நனைய ஓடிப் போயி சுடலை அண்ணனைக் கட்டிப் பிடிச்சாங்க. ரெண்டு பேரும் ஒரே டிபன் கேரியர்ல சாப்பிடுத ஆளுங்க.

மறுநாள் நானும் ஏறிப் பார்க்கணும்னேன். சேலை கட்டிட்டு அந்த உசரத்துல எப்படி ஏற? சிரிச்சாங்க எல்லாரும். அண்ணாச்சி சிரிக்கல. மத்தியானத்துக்குள்ள ஒரு படி வெல்டு வச்சுட்டு, "இப்ப ஏறுங்க தங்கச்சி"ன்னாங்க.

ஒரே ஒரு குறை இருந்துச்சு. வண்டியை உசத்துனதால ஸ்டீயரிங் ராடு நீளம் பத்தல. தற்காலிகமா ஒரு துண்டு ஒட்டியிருந்தாங்க. ஒட்டு இல்லாத முழு ராடு மதுரையில செய்யக் குடுத்திருந்துச்சு, வரல.

அதுக்குள்ள முதலாளிக்குத் தோட்டத்துக்கு விருந்தாளி வாறாங்க. சனிக்கிழமை வண்டி மலை மேல நிக்கணும்.

வியாழக்கிழமை அண்ணாச்சி எங்கிட்ட வந்தாங்க. "வாயால சொல்லிப் பார்த்துட்டேன் தங்கச்சி. எழுத்துல குடுத்திருவோம், டைப் அடிங்க." ரெண்டே வரி. ஸ்டீயரிங் ராடு ஒட்டு போட்டது, புது ராடு மாட்டும் வரை மலைக்கு அனுப்பக் கூடாது. கீழ கையெழுத்து.

முதலாளி வாசிச்சுட்டு மடிச்சுச் சட்டைப் பைக்குள்ள வச்சாரு. "ஆத்துல ஏறுன வண்டி மலையில ஏறாதா? பயந்து சாவாதேயும் வே."

சனிக்கிழமை வண்டி ஏறத்தான் செஞ்சுது. விருந்தாளிகளை மேல விட்டுட்டு சுடலை அண்ணன் மட்டும் இறங்குனாரு. மூணாவது கொண்டை ஊசி வளைவுல ஸ்டீயரிங் சும்மா சுத்திருக்கு. பாறையில மோதிக் கவுந்துட்டு.

வலது கால் போச்சு. முட்டிக்கு மேல எடுத்தாங்க.

திங்கக்கிழமை வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. அண்ணாச்சியவே கேஸ் கட்டர் பிடிக்கச் சொன்னாரு முதலாளி. துண்டு துண்டா வெட்டிரணும், போலீஸ் கீலீஸ்னு யாரும் வந்தா ஒண்ணும் இருக்கக் கூடாது. நாலு நாள் வெட்டுனாங்க. யாரையும் கிட்ட விடல.

ஆபீஸ் ஜன்னல்ல அந்தப் பொறி தெரியுது. நான் உள்ள உக்காந்து அவங்க டிஸ்மிஸ் லெட்டரை டைப் அடிக்கேன். "தங்களது கவனக்குறைவான வெல்டிங் காரணமாக..."

"ஞானதாஸ் குடுத்த அந்தக் கடுதாசிக்குக் காப்பி இருக்கா?"ன்னு முதலாளி கேட்டாரு.

இருந்துச்சு. என் ஃபைல்ல, கார்பன் காப்பி. எடுத்துக் குடுத்தேன். அவரு ரெண்டாவது தடவை கேக்கக்கூட இல்ல.

சாயங்காலம் கேட்ல அண்ணாச்சியும் அதையேதான் கேட்டாங்க. "காப்பி எடுக்கல அண்ணாச்சி"ன்னேன். "சரி தங்கச்சி, நீங்க என்ன செய்வீங்க"ன்னு சொல்லிட்டு சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

எனக்கு அந்த வேலை வேணும்னு இருந்துச்சு. வேற காரணம் ஒண்ணும் கிடையாது.

பல வருஷம் கழிச்சுப் பாளை மார்க்கெட் பஸ் ஸ்டாப்ல அண்ணாச்சியைப் பார்த்தேன். முடியெல்லாம் நரைச்சிருந்துச்சு. வேற யாரும் பக்கத்துல இல்ல... காப்பி இருந்ததையும், அதை முதலாளிக்கு எடுத்துக் குடுத்ததையும் சொல்லிட்டேன்.

 "சுடலை போன வருசம் செத்துட்டான் தங்கச்சி"ன்னாங்க. "நான்தான் அவன் காலை எடுத்தேன்னு கடைசி வரைக்கும் என் முகத்துல முழிக்கல. அவன் இருக்கும்போது நீங்க இதைச் சொல்லிருக்கலாம்லா?"

வந்த பஸ்ல ஏறிட்டாங்க. அது அவங்க ஏரியா பஸ்ஸே இல்ல.

இன்னைக்குப் பத்து மணிக்கு அவங்க வீட்டுக்கு போன் போட்டேன். அவங்க வீட்டுக்கார அக்காதான் எடுத்தாங்க. என் பேரைச் சொன்னேன். 

"நாளைக்குத்தான் அடக்கம். நீங்க வர வேண்டாம்மா"ன்னாங்க.

"சரிக்கா"ன்னு சொல்லி போனை வச்சுட்டேன். அதான் இங்கன எழுதுதேன்.

போயிட்டு வாங்க அண்ணாச்சி.