நடனத் தளம்

துறைமுகத்தைப் பார்த்த மலைச்சரிவில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் மாளிகை இருந்தது. சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடம் புஷ்பவதி அங்கே சமையலுக்குச் சேர்ந்தாள். புருசன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான், இடுப்பில் கைக்குழந்தை. குசினிக்குப் பின்னாலிருந்த அறையில் தாயும் மகளும் இருந்தார்கள். அந்த மாரியில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. மலைப்பாதையை வெள்ளம் அறுத்துவிட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. பிறகு சுடலைக்கும் போக முடியவில்லை. துரையிடம் கேட்டு, கீழ்த்தோட்டத்து இலுப்பை மரத்தடியில் பிள்ளையைப் புதைத்தாள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் துறைமுகத்தில் வைத்திருந்த கடற்படைத் தளத்தை ஆங்கிலேயர் கைவிட்டபோது துரையும் வீட்டை விற்றுவிட்டுக் கப்பலேறினார். வாங்கிய கொழும்புக் கம்பனி அதை ஹோட்டலாக்கியது. குசினி புஷ்பவதியின் பொறுப்பில் விடப்பட்டது. அவளுடைய நண்டுக்கறிக்கென்றே கண்டியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

எழுபத்திரண்டில் மனேஜராக வந்த சோமசேகரம், விருந்தினர் ஆடுவதற்குக் கீழ்த்தோட்டத்தில் சீமெந்துத் தளம் போடத் தீர்மானித்தார். மரம் தறிக்கிற சத்தம் கேட்டுத்தான் அவளுக்கு விசயம் தெரிந்தது. ஈரக் கையோடு அவருடைய அறைக்குப் போனாள்.

“ஐயா, அதில என்ர பிள்ளை கிடக்குது.”

அவர் அவளை இருக்கச் சொல்லவில்லை. அங்கே ஒரு அடையாளமும் இல்லையே என்றார். வேண்டுமென்றால் வேலிக்கரையில் வடிவாக ஒரு கல் வைத்துத் தருவதாகச் சொன்னார்.

“வேலிக்கரையில கல்லு வைக்க, அங்க ஆர் கிடக்கினம்?”

கிண்ணியாவிலிருந்து வந்த மேசன் ஜவாஹிர் கதையைக் கேட்டதும் சாந்துக் கரண்டியைக் கழுவினார். பிள்ளை கிடக்கிற கபுறுக்கு மேல் ஆடத் தன்னால் தளம் போட ஏலாது என்று மனேஜரிடம் நேரே சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் வேறு மேசன் வந்தான். புஷ்பவதி அந்த மண்ணில் போய்ப் படுத்தாள். இரண்டு காவற்காரர் அவளைத் தூக்கிக் குசினி வாசலில் விட்டார்கள். தளம் எழும்பியது.

திறப்பு விழாவுக்கும் நண்டுக்கறி அவள்தான் வைக்கவேண்டும் என்றார்கள். வைத்தாள். ஒரு குறையும் விடாமல் வைத்தாள். மாலையில் மேளதாளத்தோடு விருந்தினர் தளத்தைச் சுற்றி நிற்க, கொதிக்கும் கறிக் கிடாரத்தைச் சாக்குத்துணியால் பிடித்துத் தனியே சுமந்துவந்து நடுத்தளத்தில் கவிழ்த்தாள். ஆட்கள் சப்பாத்துக் கால்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சோமசேகரத்தின் வெள்ளைக் காற்சட்டை முழங்கால்வரை சிவந்தது.

“இப்ப ஆடுங்கோ,” என்றாள்.

அன்றைக்கே வேலை போனது. பட்டணத்தோரம் அன்புவழிபுரத்தில் சோற்றுக்கடை போட்டாள். வருடம் ஒன்று கழிந்து சோமசேகரம் கடைக்கு வந்தார். வருகிறவர்களெல்லாம் அவளுடைய சமையலைத்தான் கேட்கிறார்கள் என்று சொல்லி, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, பழசை மறந்து குசினிக்குத் திரும்பச் சொன்னார். தளத்தை உடைத்துவிட்டு வரச் சொன்னாள் அவள். கம்பனி சம்மதிக்காது என்றார். அவருடைய கையிலிருந்த கோப்பையை வாங்கி வாசலில் ஊற்றினாள்.

தளத்தை ஒருவரும் உடைக்கவில்லை. அவளுடைய கோபமும் ஆறவில்லை. எண்பதுகளிலும் அவளுடைய கடையில் அந்த ஹோட்டலின் பேரை எடுத்தவனுக்குச் சோறு கிடையாது.