சுடுமண் மேளக்காரரின் கை

காரிமங்கலம் பக்கத்து அகழாய்வில் பானை ஓடுகளைக் கழுவுவது என் வேலை. பழங்காலச் சுடுமண் மேளக்காரர் பொம்மையை அழுத்தித் தேய்த்ததில் அதன் கை ஒடிந்துவிட்டது. பயந்துபோய்க் கையை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

“மண்ணுலயே ஒடஞ்சிதாங்க மேடம் இருந்துச்சு.”

“அப்போ கையும் மண்ணுலதான் இருக்கணும். சலிங்க,” என்றார் அதிகாரி.

கொட்டிய மண்ணையெல்லாம் உச்சிவெயிலில் மறுபடி சலித்தோம். என்னோடு ஓடு கழுவும் சரோஜாக்காவும் மூட்டுவலியோடு சலித்தார். அவர் முனகல் தாங்காமல் கையை என் சல்லடைக்குள் நழுவவிட்டு, “கெடச்சிருச்சுங்க!” என்று கத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதிகாரி உற்றுப் பார்த்தார். அந்தக் கையின் விரலிடுக்கில்கூடத் துளி மண் இல்லை.

“சரோஜாக்காவுக்குத் தண்ணி குடுங்க,” என்றார். அவ்வளவுதான்.

தண்ணீரைக் குடித்த அக்கா, “நல்லா இருப்ப கண்ணு, எங்களயெல்லாம் காப்பாத்திட்ட,” என்றார்.

திட்டு வாங்கியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.