ஜாதகம் வந்தது, மூஞ்சி வரவில்லை

மூக்குத்தி பக்கம் மாறியிருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை, குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே பஸ் திரும்பும் இடத்துச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மழைச்சாரலில் பசை இன்னும் காயவில்லை. படத்தில் சிரித்தவருக்கு மூக்குத்தி இடது பக்கம் இருந்தது. ராஜாமணி அம்மாவுக்கு வலது பக்கம். அப்புறம்தான் பெயரைப் படித்தேன். சனிக்கிழமை மாலை என்னைத் திட்டி வீட்டுக்கு அனுப்பியவர், அன்று இரவே நெஞ்சுவலியில் போய்விட்டார். என்னிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் வரன் பார்க்க அவரிடம் ஜாதகம் கொடுத்தவர்கள். பேக்கரிக்கு மேலே இருந்த அந்த அறை உங்களுக்குத் தெரியும். மூலையில் கணினி முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்த பெண்ணை நினைவிருக்காது. அது நான்தான்.

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்வார்களே என்று பாதி நாள் பள்ளிக்கே போக மாட்டேன். பத்தாவதோடு நின்றுவிட்டேன். அம்மா என்னை ராஜாமணி அம்மாவிடம் கூட்டிப் போனபோது அவர் என் பெயரைக் கேட்டார். நான் அம்மாவின் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"ஏனுங்க, புள்ள ஊமையா?"

"இல்லீங்க, கூச்சம்" என்றாள் அம்மா.

"அப்பச் சரி. இங்க பேசறதுக்கு நான் ஒருத்தி போதும்."

அன்றிலிருந்து நான் ஊமச்சி. வருகிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான் அறிமுகப்படுத்துவார். "இது நம்ம ஊமச்சி. டைப் அடிக்கும், டீ போடும். உங்க ஊட்டு விசயம் வெளிய போகாது." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்கக் கற்றுக்கொண்டேன்.

அவருடைய நாக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெற்றவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே பெண்ணின் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுவார். "பல்லு முன்னால நிக்குது. அடுத்த தடவ வாய மூடிட்டு எடுங்க." ஒருமுறை கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு அவர் மாப்பிள்ளை பார்த்தார். அவளுடைய அண்ணன்மார் சண்டைக்கு வந்தார்கள். "தங்கச்சி போயிட்டாச் சோறு ஆக்கிப் போட ஆளில்லாமப் போயிருமேன்னுதான வந்திருக்கீங்க?" என்று படிக்கட்டுவரை கேட்கும்படி கேட்டார். அவர்கள் திரும்பிப் போனார்கள். கல்யாணம் நடந்தது. இரண்டு இடத்திலும் அதே நாக்குதான்.

போன மழைக்காலத்தில் புதுக் கணினி வந்தது. பழையதில் ஜாதகங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. பெயர், நட்சத்திரம், வேலை, உயரம். படம் மட்டும் அந்தக் கோப்புக்குள் கிடையாது. படம் எங்கே இருக்கிறது என்ற விலாசம்தான் அதில் இருக்கும். படங்களை ஊர்வாரியாகத் தனித்தனிக் கோப்புறைகளில் வைத்திருந்தோம். கோப்பைப் புதுக் கணினிக்கு மாற்றித் திறந்தால், படம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் கட்டம்.

ராஜாமணி அம்மா எட்டிப் பார்த்தார். "ஜாதகம் வந்துருச்சு. மூஞ்சி வரலயே?"

படங்களையும் எடுத்து வந்து, ஒவ்வொன்றுக்கும் விலாசத்தைத் திருத்த வேண்டும் என்றேன். அவருக்குப் பொறுமை இல்லை. எல்லா ஊர்ப் படங்களையும் ஒரே கோப்புறையில் கொட்டச் சொன்னார். கொட்டும்போது, இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கணினி கேட்டது. நாங்கள் படத்துக்கு ஆளின் பெயரை மட்டும்தான் வைப்போம்.

"அம்மா, ஒரே பேரு நெறைய இருக்குதுங்க. ஊரையும் சேத்து வெச்சுக்கலாங்களா?"

"உன்னையப் படிக்க வெச்சிருந்தா கலெக்டராயிருப்ப. நகரு." மவுசைப் பிடுங்கி, எல்லாவற்றுக்கும் ஆம் என்று அமுக்கினார். பழைய கணினியை அன்றே கடைக்காரன் அழித்து எடுத்துப் போய்விட்டான்.

ஓவேலியில் ஒரு செல்வி, பர்லியாரில் ஒரு செல்வி. கடைசியாகக் கொட்டியது பர்லியார்; மிஞ்சியது அவள் படம்தான்.

அடுத்த மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார், ஓவேலி செல்வி என்று ராஜாமணி அம்மா போனில் அனுப்பிய படம் பிடித்துப்போய், பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் அறையில்தான் ஏற்பாடு. ஓவேலி செல்வி தேயிலைத் தொழிற்சாலையில் லீவு போட்டு, அப்பாவோடு முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். பச்சைப் புடவை, தலையில் கனகாம்பரம். அவளே டீ கொடுத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா தம்ளரை வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "ஏனுங்க, போட்டோவுல இருக்கற புள்ள எங்கீங்க?"

போனை நீட்டினார். பர்லியார் செல்வி அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்போதோ கல்யாணமாகிவிட்டது.

ராஜாமணி அம்மா என்னை ஒரு முறை பார்த்தார். புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பிறகு செல்வியின் பக்கம் திரும்பினார்.

"ஏம் புள்ள, அடுத்தவ போட்டோவக் குடுத்தா மாட்டிக்க மாட்டம்னு நெனச்சியா?"

"நான் என் போட்டோதாங்க குடுத்தேன்" என்றாள் செல்வி. தம்ளர்த் தட்டு இன்னும் அவள் கையில் இருந்தது. அவளுடைய அப்பா எழுந்து எல்லோரையும் கும்பிட்டார். எதற்குக் கும்பிட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு, "அம்மா, நம்ம தப்புங்க அது" என்றேன்.

"தெரியும். ஒருத்தி ஊட்டுக்குப் போய் அழுவா, நாலு நாள்ல சரியாயிருவா. எம் பேரு கெட்டா கெட்டதுதான். வேற போட்டோ கேட்டு வாங்கி வையி."

செல்விக்கு போன் போட்டேன். எனக்குப் பேச்சு வராது என்று ராஜாமணி அம்மாவே ஸ்பீக்கரை அமுக்கினார். புதுப் படம் வேண்டும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"வேணாங்க. அந்தப் புள்ள மூஞ்சியே இருக்கட்டும்" என்றாள் செல்வி. "அதப் பாத்தாவது ஆளு வருதுல்ல."

ராஜாமணி அம்மா சத்தமாகச் சிரித்தார். "வாய் இருக்குது. பொழச்சுக்குவா."

அந்தப் படத்தை செல்வியின் ஜாதகத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்தக் கட்டம் இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

போன வாரம் ராஜாமணி அம்மாவின் அண்ணன் மகன் அறைக்கு வந்தார். ஜாதகக் கோப்பைத் தன் லேப்டாப்பில் போட்டுத் தரச் சொன்னார்.

"கோப்ப மட்டும் எடுத்தா மூஞ்சி வராதுங்க" என்றேன்.

"ஊமச்சி நீதான? பேசுவியா?"

ராஜாமணி அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, மூஞ்சி வராது என்ற அந்த ஒரு வாக்கியம்தான். ஊமச்சி என்ற பட்டப்பெயரை அம்மாவே வைத்துக்கொள்ளட்டும்.

கருமாதி போஸ்டருக்கும் அஞ்சலி போஸ்டரில் வந்த அதே படத்தைப் போடச் சொன்னார் அண்ணன் மகன். அது ராஜாமணி அம்மா தன் போனில் செல்ஃபியாக எடுத்துக்கொண்டது, அதனால்தான் கண்ணாடியில் போலப் பக்கம் மாறியிருக்கிறது, மூக்குத்தி வலப்பக்கம் வர வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"செத்தவிய மூக்க யாரு உத்துப் பாக்கப்போறா? அப்படியே போடு" என்றபடி படியிறங்கிப் போனார்.

படத்தைத் திறந்து திருப்பினேன். மூக்குத்தி வலது பக்கம் வந்தது. ராஜாமணி என்று பெயர் கொடுத்தேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கணினி கேட்டது. கோத்தகிரி மாப்பிள்ளை ராஜாமணி. இன்னும் பெண் அமையவில்லை.

இல்லை என்று அமுக்கினேன். பெயரோடு குன்னூர் என்று சேர்த்துச் சேமித்து, அச்சகத்துக்கு அனுப்பினேன்.