அக்காவுக்குக் கொழும்பில் ஓர் அறை

தலைமன்னாருக்கு ரெயினில் வந்து இறங்குகிற சனம் முதலில் கடலை விசாரிப்பதில்லை, அறையைத்தான் விசாரிக்கும். ஸ்ரேசன் வாசலில் ஓட்டோ வைத்திருக்கிற எனக்கு அது பாதித் தொழில். பறவை பார்க்க வருகிறவர்கள், காற்றுக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிறவர்கள், தீவின் நுனியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரெயினுக்கே திரும்புகிறவர்கள், எல்லாருக்கும் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆளைப் பார்த்ததும் அறை தெரிந்துவிடும். பெரிய பையும் தேய்ந்த செருப்புமாக வருகிறவன் பேரம் பேசுவான். சின்னப் பையும் பெரிய சப்பாத்துமாக வருகிறவன் பேசமாட்டான். உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்காரருக்கு ஒரு விலை என்று இரண்டு விலை சொல்வதும் எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் சந்தையில் மீன் விற்கிற ஒரு பெண் சொல்லுவாள்: "மீன் ஒண்டுதான் அண்ணை. வாங்க வாற முகம்தான் ரெண்டு." எனக்கு இப்படியான சொற்கள் என்றால் உயிர். பள்ளிக்கூடத்தைச் சின்ன வகுப்போடு விட்டவன் நான். படித்ததெல்லாம் சனத்தின் வாயில்தான்.

அப்படிப்பட்ட என்னிடம் என் சொந்த அக்கா ஓர் அறை பிடிக்கச் சொன்னார்.

அக்கா குளிர் தேசத்தில் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அங்கே ஹோட்டல்களில் அறை துப்புரவாக்குகிற வேலை. எத்தனையோ ஆயிரம் கட்டில்களுக்கு விரிப்புப் போட்டவர், ஒன்றிலும் படுத்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பிள்ளைகள் சேர்ந்து விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தார்களாம். போனில் அக்காவின் குரல் சின்னப்பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது.

"இங்கத்தைய சனம் மூண்டு நாள் ஒரு பட்டினத்துக்குப் போய், ஹோட்டல்ல நிண்டு, படுத்து, எழும்பித் திண்டுபோட்டு வருங்களடா. நானும் ஒருக்கா அப்பிடிச் செய்யப் போறன்."

"எந்தப் பட்டினம் அக்கா?"

"கொழும்பு."

"கொழும்பே? உலகத்தில வேற இடம் இல்லையே? அங்க என்னத்தைப் பாக்கப் போறியள்?"

"உன்னைத்தான். நீ அங்க வா. ரெண்டு கட்டில் போட்ட ஒரு அறை பிடி. நல்ல இடமாய், விலை குறைஞ்சதாய். நீதானே அதில விண்ணன்."

"கொழும்பு வரைக்கும் வந்தால் இஞ்ச வாறதுக்கு இன்னும் ஒரு பகல்தானே அக்கா?"

"அடுப்பில கறி கிடக்கு. பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

அடுப்பில் ஒன்றும் கிடந்திராது. அக்கா ஏன் வரமாட்டார் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். போர்க்காலத்தில் அம்மா அவரையும் எங்கள் வீட்டுக் கடைசிப் பிள்ளையையும் வள்ளத்தில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பினார். நான் அம்மாவோடு நின்றுவிட்டேன். வள்ளக்காரன் இந்தியா வந்துவிட்டது, இறங்குங்கள் என்று சொல்லி எல்லாரையும் இறக்கிவிட்டுப் போனது நடுக்கடலில் இருக்கிற ஒரு மணல்திட்டியில். அந்தக் காலத்தில் பலருக்கு அப்படி நடந்தது. தண்ணீர் இல்லை, நிழல் இல்லை. சின்னவனுக்குப் புறப்படும்போதே காய்ச்சல். அக்கரை மீனவர்கள் வந்து ஏற்றுவதற்கு முந்தியே அவன் போய்விட்டான். அக்கா கையாலே மணலைத் தோண்டி அவனை அங்கே வைத்துவிட்டுத்தான் வள்ளம் ஏறினார்.

பல மாதம் கழித்து முதன்முதல் போனில் கதைக்கக் கிடைத்தபோது அம்மா ஒரே ஒரு கதைதான் சொன்னார். "உன்ர கையில பிடிச்சுத்தானே தந்தனான்." திட்டவில்லை, கத்தவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் இரண்டு பேரும் மழை, செபமாலை, அரிசி விலை என்று கதைத்தார்கள். அந்த ஒன்றை அம்மா திருப்பி எடுக்கவும் இல்லை, இரண்டாம் தரம் சொல்லவும் இல்லை. அம்மாவை அடக்கம் செய்தபோதும் அக்கா வரவில்லை. ஊரார் சொல்லையெல்லாம் பொறுக்கிச் சேர்க்கிற எனக்கு, எறியவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் கிடக்கிறது அம்மாவின் அந்த ஒரு சொல்தான்.

அக்காவுக்கு இப்போது நெஞ்சுக்குள் ஏதோ மெசின் வைத்திருக்கிறார்கள். இன்னொரு தரம் இவ்வளவு தூரம் பறப்பாரோ தெரியாது. இந்த முறை எப்படியாவது வீட்டுப் படியை மிதிக்க வைத்துவிட வேண்டும். எனக்கு வேறு எண்ணமே இருக்கவில்லை.

ஆனால் அறை பிடிக்கச் சொன்னால் பிடிக்கத்தானே வேண்டும். கொழும்பில் அறை விலை கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கேட்டதற்கே காசு கேட்பார்களோ என்று பயம் வரும். போனில் வருகிற படங்களை நம்பி இருந்தேன் முதலில். படத்தில் கட்டிலைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடலாம் போல இருக்கும். ஒவ்வொரு நாளும் மீன் லொறி கொண்டு கொழும்புக்குப் போகிற என் கூட்டாளி ஒருவனைப் போய்ப் பார்த்து வரச் சொன்னேன். வந்து சொன்னான்: "அண்ணை, அந்த அறைக்குள்ள போனால் கட்டிலுக்கு மேலால ஏறித்தான் கக்கூசுக்குப் போகலாம்."

"நீ கொழும்பில எங்கையடா படுக்கிறனீ?"

"லொறிக்குள்ள. வாடகை இல்லை. ஏசி இருக்கு, மீனும் இருக்கு."

பிறகு எங்களுக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். படத்தில் பார்த்த இடத்துக்கு நேரே போன் எடுத்தால் நடுவில் நிற்கிறவனின் பங்கு கழியும். சனி ஞாயிறை விட்டால் இன்னும் கொஞ்சம் இறங்கும். வெள்ளவத்தைப் பக்கம் கலியாணக் காலத்தில் தலை வைக்கக்கூடாது. கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு விடுதி மலிவாகவும் சுத்தமாகவும் இருந்தது. "அக்கா நிக்கலாம், தம்பி நிக்க ஏலாது" என்றார் அங்கே போன் எடுத்த சிஸ்டர். "நான் நல்ல பிள்ளை சிஸ்டர்" என்றேன். "நல்ல பிள்ளையளுக்கும் இதுதான் சட்டம்" என்றார்.

இதற்கிடையில் அக்காவிடமிருந்து இன்னொரு கட்டளை. "கடல் தெரியாத அறையாய்ப் பிடி." கடைசியாய் ஓர் இடம் அமைந்ததும் அதனால்தான். சின்ன ஹோட்டல், காலைச் சாப்பாடும் சேர்த்து. கடல் பக்கம் வேண்டாம், பின்பக்கம் தாருங்கள் என்றபோது போனில் பேசிய பெடியன் நம்பவில்லை. "எல்லாரும் கடல் பக்கம்தானே கேப்பாங்க அங்கிள்?" என்றான். "நாங்கள் கடலுக்குள்ள கிடந்து வாற ஆக்கள் தம்பி" என்றேன். சிரித்துக்கொண்டே விலையில் நல்லாய்க் குறைத்தான். என் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டு, உள்ளூர் விலையில் எழுதினான்.

பெருமையோடு என் மனுசியிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "இதைவிட மலிஞ்ச இடம் ஒண்டு எனக்குத் தெரியும். மூண்டு நேரச் சாப்பாடும் சேர்த்து. தலைமன்னாரில" என்றாள்.

அந்த இடத்தையும் நாங்கள் ஆயத்தம் செய்யாமல் இருக்கவில்லை. முன்னறைக்குப் பெயின்ற் அடித்தோம். புது மெத்தை வாங்கினோம். அந்த அறை யன்னலால் பார்த்தால், வானம் துலக்கமான நாளில் கடலில் முதல் மணல்திட்டி வெள்ளைக் கோடு மாதிரித் தெரியும். சின்னவன் கிடப்பது எந்தத் திட்டியென்று எங்களுக்குத் தெரியாது. மணலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மனுசி அந்த யன்னலுக்குத் தடித்த துணியில் திரை தைத்துப் போட்டாள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அக்கா வெளியே வந்தபோது எனக்கு அம்மா வருவது போல இருந்தது. அதே நடை, அதே நரை. கட்டிப்பிடித்துக்கொண்டு, "வண்டி வைச்சிட்டாயடா" என்று என் வயிற்றில் குத்தினார். ஹோட்டல் வரும்வரை சிரிப்புத்தான். அறைகளில் சனம் விட்டுப்போகிற சாமான்களைப் பற்றிச் சொன்னார். ஒருவன் தன் பல்செட்டை விட்டுப்போய், மூன்றாம் நாள் போன் எடுத்து, "அது அங்க சிரிச்சுக்கொண்டு கிடக்கோ?" என்று கேட்டானாம்.

வரவேற்பு மேசையில் அந்தப் பெடியன்தான் நின்றான். என் அட்டையை வாங்கினான், அக்காவின் பாஸ்போர்ட்டை வாங்கினான், திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"அங்கிள், இது லோக்கல் ரேட்ல போட்ட ரூம். ஆன்ட்டி ஃபாரின்தானே?"

"என்ர கூடப்பிறந்த அக்கா தம்பி."

"அது சரி அங்கிள். ஆனா பாஸ்போர்ட்டைத்தான் பாக்கச் சொல்லி இருக்காங்க."

அக்கா சிரித்துக்கொண்டு பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் எழுதியிருக்கிற வரியில் விரலை வைத்தார். "வாசியுங்கோ ராசா. மன்னார். நான் ஃபாரினே?"

அவன் வாசித்தான். நல்ல பிள்ளை, முகம் சிவந்துவிட்டது. "பொறந்த இடத்துக்கு ரேட் இல்ல ஆன்ட்டி" என்றான்.

புது விலை பழையதைப் போல இரண்டு மடங்குக்குக் கிட்ட. எத்தனை பேருக்கு நானே ஸ்ரேசன் வாசலில் இரண்டு விலை சொல்லியிருப்பேன்! என் அக்கா அந்தப் பக்கத்து முகம் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. அக்காவின் சிரிப்பு நின்றுபோனது எனக்கு விளங்கியது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், என் நெஞ்சு குதித்தது. இதுதான் நேரம் என்று நினைத்தேன்.

"அக்கா, விடுங்கோ. எங்களுக்கு இந்த இடம் வேண்டாம். புறக்கோட்டையில பஸ் நிக்கும். வீட்டை போவம். அறை ஆயத்தமாய் இருக்கு. அவள் நண்டு வாங்கி வைச்சிருக்கிறாள்."

அக்கா பாஸ்போர்ட்டை மூடினார். என்னைப் பார்க்கவில்லை.

"மூண்டு நாளைக்கும் எவ்வளவு எண்டு சொல்லுங்கோ தம்பி" என்று அவனிடம் கேட்டுக்கொண்டு கைப்பையைத் திறந்தார்.

கட்டில் விரித்துச் சேர்த்த காசு அது. அவர் எண்ணி வைக்கும்போது நான் வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாளும் நல்லாய்த்தான் போனது என்று சொல்லலாம். கடை பார்த்தோம், கோயிலுக்குப் போனோம், ஐஸ்கிறீம் குடித்தோம். கடற்கரைப் பக்கம் போகவில்லை. காலையில் நான் கண் முழிக்கும்போது அக்கா தன் கட்டிலை விரித்து, மூலைகளை மடித்துச் செருகி, ஆள் படுத்த அடையாளமே இல்லாமல் வைத்திருப்பார். "அக்கா, அதுக்கு இஞ்ச ஆள் வரும்" என்றால், "பாவம், குனிஞ்சு குனிஞ்சு அதுக்கும் நாரி நோகும்" என்பார். மூன்று நாள் ஹோட்டலில் படுக்க வந்தவர், தன் கட்டிலைத் தானே விரித்துக்கொண்டு இருந்தார்.

கடைசி நாள் காலைச் சாப்பாட்டு மேசையில் நான் திரும்பவும் கேட்டேன். "அக்கா, பிளேனைத் தள்ளிப் போடலாம்தானே? ஒரு நாள். ஒரே ஒரு நாள். வந்து படியை மிதிச்சிட்டுத் திரும்புங்கோ."

அக்கா பாண் துண்டைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "அம்மா இருந்திருந்தால் வந்திருப்பனடா" என்றார்.

"இருக்கேக்கயும் வரேல்லையே."

"ஓம். இருக்கிறாதானே, பிறகு போவம், போய்க் கேப்பம் எண்டு இருந்திட்டன்."

"என்ன கேக்க?"

"அந்தக் கதையைத் திருப்பி எடணை அம்மா எண்டு."

பக்கத்து மேசையில் யாரோ கரண்டியை விழுத்தினார்கள். எனக்கு வாய் சும்மா கிடக்காது. எவ்வளவு பேருடைய சொல் என் வாயில் இருக்கிறது! அம்மா எப்படிக் கதைப்பார், எந்த இடத்தில் இழுப்பார், எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்று எல்லாம் தெரியும். அம்மா சாகும்போது ஒன்றும் சொல்லவில்லை. நினைவு இல்லாமல்தான் கிடந்தார். ஆனாலும் நான் தொடங்கினேன்.

"அக்கா, அம்மா கடைசி நேரம் ஒரு கதை சொன்னவ. அவளில ஒரு பிழையும் இல்லை எண்டு..."

அக்கா கையை நீட்டி என் வாயைப் பொத்தினார். பாண்தூள் ஒட்டிய கை.

"வேண்டாம் ராசா" என்றார். "அம்மாவின்ர குரலும் எனக்குத் தெரியும். உன்ர வாயும் எனக்குத் தெரியும்."

சனம் எல்லாத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கும் என்று நம்பியிருந்தவன் நான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று ஒருவர் சொல்லி வைத்திருக்கிறார். விருந்து வீட்டுக்கே வராவிட்டால் என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. பின்னேரம் விமான நிலையத்தில் அக்கா என் கையைப் பிடித்தார். பிடித்தவுடனே, சுட்டது போல விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனுசி பஸ் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு படலையில் நின்றாள். நான் தனியே இறங்குவதைக் கண்டதும் உள்ளே போய் நண்டுக் கறியைச் சூடாக்கினாள். சாப்பாட்டுக் கோப்பை இரண்டுதான் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து அக்கா போன் எடுத்தார். நான் அந்தப் பெயின்ற் மணம் மாறாத அறைக்குள் நின்றேன்.

"வந்து சேர்ந்திட்டன்" என்றார். "நல்ல இடம் பிடிச்சுத் தந்தனீ. மெத்தை நல்லம். விரிப்பும் சுத்தம். இவ்வளவு கால வேலையில நான் பாத்ததுக்கு அது குறை சொல்ல ஏலாத இடம்."

"ஓம் அக்கா."

"எப்பவாவது திரும்பி வந்தால் அங்கயே பிடி, என்ன?"

திரையை விலக்காமல் நின்றேன். "ஓம் அக்கா" என்றேன். "விலையை ஒருக்காக் கதைச்சுப் பாக்கிறன்."