மஞ்சள் பூசிய கேபிள் கல்

ஆரப்பாளையத்தில் ஒரு கேபிள் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வரளி சாத்தியிருந்தார்கள். அது எழுபதுகளின் கடைசி. நான் மின்சார இலாகாவில் கேபிள் பிரிவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தரைக்கடியில் கேபிள் போகிற வழிக்கு நேர் மேலே இப்படிக் கல் நட்டு வைப்போம். வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி, காம்பவுண்டு சுவருக்கு அஸ்திவாரம் தோண்டுமுன் எங்களிடம் வந்து கேட்ட நல்ல மனிதர். அப்படிக் கேட்டு வருகிறவர்கள் ஆயிரத்தில் ஒருவர். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கல் வாசல்படிக்கு அருகே இருந்தது. கேபிளும் அங்கேதான் என்று முடிவு கட்டினேன். அடுத்த கல்லையும் தேடிப் பிடித்து, இரண்டுக்கும் நூல் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கல் ஒரு வெற்றிலைக் கடைக்கு அடியில் போயிருந்தது, வெயில் வேறு, விட்டுவிட்டேன். தெருவோரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு, தாராளமாகத் தோண்டலாம் என்று கடப்பாரையோடு நின்ற கூலியாள் சடையாண்டியிடம் சொல்லிவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் திரும்பியபோது வெள்ளைச்சாமி விடவில்லை, சாப்பிட உட்கார வைத்துவிட்டார். வாசல் சாமி சக்தியுள்ளதா என்று கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"ரோட்டோரமாத்தான் இருந்துச்சு. நாய் வந்து அசிங்கம் பண்ணுதுன்னு போன ஆடியில வாசப்பக்கம் தூக்கி வச்சோம்."

எச்சில் கையோடு ஓடினேன். சடையாண்டி தொடையளவு பள்ளத்தில் நின்றார். மேட்டில் பத்துப் பன்னிரண்டு செங்கல் அழகாக அடுக்கியிருந்தது. தோண்டுகிறவர் பார்த்ததும் நிறுத்தட்டும் என்று, கேபிளுக்கு மேல் நாங்கள் வரிசையாகப் பதித்த செங்கல் அது.

"அம்புட்டும் முழுக்கல்லுண்ணே, சுவத்துக்கு ஆகும்" என்று சிரித்தபடி கடப்பாரையை ஓங்கினார்.

"அதைப் போட்டுட்டு மேல வாங்க."

கையால் மண்ணை விலக்கிக் காட்டினேன். அரையடிக்குக் கீழே கேபிள் கறுப்பாகக் கிடந்தது. பதினோராயிரம் வோல்ட் என்றேன். சடையாண்டி சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார்.

"இந்தக் கோட்ட நீங்கதானண்ணே போட்டீக?"

அதில் கோபமே இல்லை. நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன்பின் எத்தனையோ வருஷம் கோடு போட்டேன். எந்த வீடானாலும், கேபிள் ஆழம் தாண்டும்வரை முதலில் பள்ளத்தில் இறங்கி நிற்பவன் நான்தான். காப்பியைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொல்லிவிடுவேன்.