தோட்டத்தில் பெண் பார்த்தார்கள்

பிரெஞ்சுக்காரர்கள் வைத்துவிட்டுப் போன அந்தத் தோட்டத்தைப் பற்றிப் புதுச்சேரிக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெருமையாகப் பேசுவார்கள். வெளிநாட்டு மரங்கள், கல் பெஞ்சுகள், வாசலில் உயரமான பழைய தூண்கள். எனக்கு அதை நினைத்தாலே மூத்திர நாற்றம்தான் வருகிறது. தொண்ணூறுகளின் நடுவில் என்னை மூன்று முறை அங்கே வைத்துத்தான் பெண் பார்த்தார்கள்.

எங்கள் வீடு விழுப்புரத்தில். எங்களைப் போன்ற குடும்பங்களில் அப்போது முதல் தடவை பார்ப்பதை வெளியிடத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது. தற்செயலாகச் சந்தித்த மாதிரி இரண்டு வீட்டாரும் வந்து நிற்பார்கள். பிடிக்காவிட்டால் தெருவுக்குத் தெரியாது. கேசரி, பஜ்ஜி செய்து அடுக்க வேண்டியதும் இல்லை. கோயில் என்றால் தெரிந்தவர்கள் கண்ணில் படுவோம் என்று அப்பா அந்தத் தோட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

போகிற நாளில் காலையிலிருந்து எனக்குத் தண்ணீர் கிடையாது. அங்கே போய் ஒதுங்க இடம் தேடி அலைய முடியாது என்று அம்மா காபியைக்கூடப் பாதி டம்ளரோடு நிறுத்திவிடுவாள். அவளும் குடிக்க மாட்டாள். ஆண்களுக்கு அந்தக் கவலை இல்லை. வாசல் தூண்களை ஒட்டி ஓடிய பழைய சுவர் முழுவதும் அவர்களுடையது. யாரோ மனம் பொறுக்காமல் சாமி படம் போட்ட டைல்ஸை வரிசையாக அதில் பதித்து வைத்திருந்தார்கள். பிள்ளையாருக்கு இரண்டடி தள்ளி நின்று போய்விட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு வரன்களும் தட்டிப்போயின. மூன்றாவது வரன் திண்டிவனம். மாப்பிள்ளைக்குக் கூட்டேரிப்பட்டில் சொந்தமாக டயர் கடை. என் தங்கைக்கு ஏற்கெனவே ஓர் இடம் கூடிவந்திருந்தது; மூத்தவளுக்கு முடியட்டும் என்று அவர்கள் தை மாதம் வரை தவணை கொடுத்திருந்தார்கள். இது அமையாவிட்டால் தங்கைக்கு வந்ததும் கைவிட்டுப் போய்விடும் என்று அப்பா பஸ்ஸில் இரண்டு முறை சொன்னார். நான் தலையாட்டினேன். அந்த வயதில் பெரியவர்களுக்கு நான் சொன்ன பதில் பெரும்பாலும் தலையாட்டல்தான்.

ஏழு பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தேன். நல்ல முகம். மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பிடித்திருந்தது. சரி என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவும் அவரும் பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனார்கள். மாப்பிள்ளையின் அத்தை, கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், என்னைக் கூப்பிட்டார்.

"அந்தத் தூணு வரைக்கும் நடந்துட்டு வாம்மா. பாத்துக்கினு இருக்கோம்."

காலில் ஊனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். கொலு பொம்மைக்குக்கூட இந்தப் பாடு கிடையாது. ஏழு பேரில் மிச்சமிருந்த ஆறு பேரின் கண்ணும் முதுகில் ஊர, நடந்தேன். தூணருகே போய் நிமிர்ந்தால், சுவரைப் பார்த்தபடி அப்பாவும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பேச்சு நிற்கவில்லை, டயர் விலையைப் பற்றி. சுவரடியில் பச்சையாகத் தேங்கி ஈ மொய்த்தது. வந்த வேகத்தில் திரும்பினேன்.

பின்னாலேயே அவர்களும் வந்தார்கள். அவர் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார், அப்பா வேட்டியில். அத்தைக்கு என் நடை திருப்தி போலிருக்கிறது. பையிலிருந்து மைசூர்பாகு டப்பாவை எடுத்துத் திறந்து எல்லோருக்கும் நீட்டினார். பிறகு மாப்பிள்ளையிடம், "உங்கையால பொண்ணுக்கு ஒண்ணு குடுப்பா" என்றார். சம்மதம் என்பதற்கு அவர்கள் வீட்டில் அதுதான் அடையாளமாம். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

அவர் ஒரு துண்டை எடுத்து, சிரித்துக்கொண்டே நீட்டினார். நெய் பட்டு விரல்கள் பளபளத்தன. தங்கையை நினைத்துக்கொண்டு கையை நீட்டத்தான் பார்த்தேன். கை எழும்பவில்லை.

"கை கழுவிட்டுக் குடுங்க" என்றேன்.

வெட்கத்தில் ஏதோ உளறிவிட்டாள் என்று அம்மா அவசரமாகச் சமாளித்தபடியே என் முழங்கையைத் திருகிக் கிள்ளினாள். அத்தை மற்றவர்களைப் பார்த்து, "இப்பவே ஆர்டரு போடுதே" என்றார். மாப்பிள்ளை தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சொன்னது அவருக்கு விளங்கவே இல்லை என்று நினைக்கிறேன். பிறகு அந்தத் துண்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார்.

அப்பாவின் கையிலும் ஒரு துண்டு இருந்தது. அவர் அதைத் தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். நான்கு நாள் கழித்துத் தரகர் மூலம் சொல்லியும் அனுப்பினார்கள்: பெண் லட்சணம்தான், வாய் மட்டும் ஜாஸ்தி. தை மாதம் தங்கைக்கு முதலில் முடித்தோம். எனக்கு இரண்டு வருடம் கழித்து அமைந்தது. அவர்கள் எங்கள் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா என்னோடு பேசவில்லை. அம்மா அவருக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டு வந்தாள்.

"ஊரு உலகத்துல எவடி இப்டி கேப்பா? தங்கச்சிய நெனச்சியா நீ?"

பஸ் புறப்படும்போது அப்பா வேகவைத்த மல்லாட்டை வாங்கியிருந்தார். வழக்கம்போலத் தோலை உரித்து, கடலையை அம்மாவிடம் கொடுத்துக்கொண்டே வந்தார். அவள் என்னைத் திட்டியபடியே ஒவ்வொரு முறையும் வாங்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. வளவனூர் தாண்டி அப்பா கண்ணயர்ந்த பிறகு, ஜன்னலுக்கு வெளியே முந்தானையை உதறினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.